'மதம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஓர் அப்ளிகேஷன் கிளப்பிய குடும்ப விவாதம்!

போன மாதம் ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு அக்காவிடமிருந்து போன். "லேப்டாப் பக்கத்துல இருக்கியா? இந்த ஸ்கூல் அப்ளிகேஷன் உள்ளயே போக மாட்டேங்குது."

அக்கா மகனுக்கு ஒன்றாம் வகுப்பு அட்மிஷன். ஆன்லைன் விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'மதம்' என்ற கட்டத்தை மட்டும் அக்கா காலியாக விட்டிருந்தாள். 'சமர்ப்பி' என்ற பட்டனை அழுத்தினால், 'இந்த விவரம் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. கட்டத்தைத் தொட்டால் நான்கு பதில்கள் விரிந்தன. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மற்றவை. 'இல்லை' என்று சொல்ல வழியில்லை.

"நாங்க ரெண்டு பேருமே கோயிலுக்குப் போறதில்ல. வீட்ல பூஜை ரூம் கிடையாது. பிள்ளை பேர்ல நான் ஏன் பொய் எழுதணும்?" என்றாள் அக்கா.

பின்னாலிருந்து மாமாவின் குரல். "எழுதாம விட்டுட்டு, நாளைக்கு சாதிச் சான்றிதழ் வாங்குறப்போ தாலுகா ஆபீஸுக்கு நீயா அலைவே? அவன் காலேஜ் சீட்டுக்கு நிக்கிறப்போ என்ன பண்ணுவே?"

விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் அன்று இரவு 12 மணி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. 'கடவுள் நம்பிக்கை இல்லாத, எந்த மதத்தையும் பின்பற்றாத ஒருவர் அதை அரசாங்கக் காகிதத்தில் எழுத முடியுமா? எழுதினால் என்ன ஆகும்?' என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் புகுந்தது. தேடத் தேட, அது எங்கள் குடும்பக் கதையாகவே மாறிவிட்டது.

7 கோடிப் பேரில் 1,300 பேர்!

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அப்போது இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. அதில் 'மதம் குறிப்பிடாதவர்கள்' என்ற பிரிவில் வந்தவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர். சதவிகிதக் கணக்கில் 0.24 மட்டுமே. 'நாத்திகர்' என்றே சொல்லிப் பதிவானவர்கள் நாடு முழுக்க ஏறத்தாழ 33,000 பேர்.

தமிழ்நாட்டில் அப்போது 7.21 கோடிப் பேர். மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 1.88 லட்சம். நாத்திகர் என்று பதிவானவர்களோ ஏறத்தாழ 1,300 பேர்தான்!

பெரியார் பிறந்த மண்ணில், 100 ஆண்டுகளாகப் பகுத்தறிவுப் பிரசாரம் நடக்கும் மாநிலத்தில், 1,300 பேர்தானா? ஏதாவது ஒரு மாவட்ட மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினாலே இதைவிட அதிகம் தேறுமே என்று தோன்றியது.

அந்த 1,300 பேரில் ஒருவர் எங்கள் தாத்தா என்று நிச்சயமாக நம்பினேன். திருவாரூர் பக்கத்துக் கிராமத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 82. 1969-ல் புரோகிதர் இல்லாமல், தாலி கட்டாமல், மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர். இன்றைக்கும் வெளியே கிளம்பினால் கறுப்புச் சட்டைதான். உடனே போன் போட்டேன்.

"தாத்தா, 2011-ல கணக்கெடுக்க வந்தாங்களே, மதம் என்னன்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் எங்கம்மா சொன்னேன்? அன்னிக்கு நான் உளுந்து வயல்ல கிடந்தேன். உங்க பாட்டிதான் எல்லாத்தையும் சொல்லியிருப்பா."

போன் பாட்டி கைக்கு மாறியது. "ஆமா, ஒரு டீச்சரம்மா வந்து கேட்டாங்க. இந்துன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை தவறாம விளக்கேத்துறவ வேற என்னத்தச் சொல்லுவா?"

"சரி பாட்டி, தாத்தாவுக்கு?"

"அவருக்கும் சேர்த்துத்தான்."

இந்த விஷயம் தாத்தாவுக்கே 15 வருஷம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குமேல் அன்றைக்கு அவர் போனில் பேசவில்லை.

இதில் பாட்டியின் தவறும் இல்லை, கணக்கெடுக்க வந்தவரின் தவறும் இல்லை. வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்வதுதான் கணக்கெடுப்பின் வழக்கம். ஆனால், 1,300 என்ற எண்ணுக்குள் எத்தனை தாத்தாக்கள் விடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

லண்டனில் முதல் கட்டமே 'மதம் இல்லை'

இதே கேள்வியை வேறு நாடுகள் எப்படிக் கேட்கின்றன? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் கணக்கெடுப்புப் படிவத்தில் 'உங்கள் மதம் என்ன?' என்ற கேள்விக்கு விருப்பம் இருந்தால் பதில் சொல்லலாம், கட்டாயமில்லை. பதில்களின் வரிசையில் முதலில் இருப்பதே 'மதம் இல்லை' என்ற கட்டம்தான்.

2001-ல் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 14.8 சதவிகிதம். 2011-ல் 25.2 சதவிகிதம். 2021-ல் 37.2 சதவிகிதம், அதாவது 2 கோடியே 20 லட்சம் பேருக்கும் மேல். கிறிஸ்தவர்கள் என்று சொன்னவர்களின் பங்கு முதல்முறையாகப் பாதிக்கும் கீழே இறங்கி, 46.2 சதவிகிதத்தில் நின்றது. ஸ்காட்லாந்தில் 2022-ல் நடந்த கணக்கெடுப்பில் 51.1 சதவிகிதம் பேர் மதம் இல்லை என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2001-ல் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 3.9 லட்சம் பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று எழுதினார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் வீரர்களின் பெயர் அது. கேலிக்கு எழுதியதுதான். ஆனால், இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு கூட்டம் அங்கே உருவாகிவிட்டது என்பதற்கும் அது அடையாளம்.

ஆஸ்திரேலியாவில் 2016-ல் 'மதம் இல்லை' என்ற பதிலைப் பட்டியலின் கடைசியிலிருந்து முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2021-ல் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 38.9 சதவிகிதம். உலக அளவில் பார்த்தால், 2020 நிலவரப்படி எந்த மதத்தையும் சாராதவர்கள் சுமார் 190 கோடிப் பேர், அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பகுதியினர் சீனாவில் இருப்பவர்கள்.

இவர்கள் எல்லோரும் நாத்திகர்களா? கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு விருந்து சாப்பிட்டுவிட்டு, கணக்கெடுப்பில் 'மதம் இல்லை' என்று குறிப்பவர்கள் பிரிட்டனில் நிறைய பேர். ஜப்பானில் 'எனக்கு மதம் இல்லை' என்பவர் வீட்டிலும் முன்னோர் படத்துக்கு ஊதுவத்தி எரியும். நம்பிக்கை ஒன்று, பழக்கவழக்கம் ஒன்று, காகிதத்தில் எழுதும் அடையாளம் இன்னொன்று. மூன்றும் ஒரே திசையில்தான் போக வேண்டும் என்று இல்லை. எங்கள் அக்கா வீட்டில்கூடப் பொங்கல் பானை ஏறத்தான் செய்கிறது.

முக்கியமான வித்தியாசம் வேறொன்று. பிரிட்டனில் அந்தக் கட்டத்தைக் குறிப்பவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. கல்யாணம், சொத்து, கல்லூரி சீட் என எதுவும் மாறாது. இத்தனைக்கும் பிரிட்டன் மதச்சார்பற்ற நாடு இல்லை. அரசர்தான் இங்கிலாந்து திருச்சபையின் தலைவர். 26 பிஷப்புகளுக்கு நாடாளுமன்றத்தின் மேலவையில் இடம் உண்டு. இந்தியாவோ அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையிலேயே 'மதச்சார்பற்ற' என்ற சொல்லை வைத்திருக்கும் நாடு. ஆனால், இங்கே மதம் இல்லாமல் வாழ்வதைவிட, மதம் இல்லை என்று எழுதுவதுதான் கஷ்டம்.

சென்னைக்கு இது புதிதல்ல

'மதமில்லை என்பதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்' என்று சிலர் சொல்வதுண்டு. பெரியாருக்கும் முன்னால், 1880-களிலேயே சென்னையில் 'இலௌகிக சங்கம்' என்று ஓர் அமைப்பு இயங்கியது. 'தத்துவ விவேசினி' என்ற பெயரில் தமிழில் பத்திரிகையே நடத்தினார்கள். மூடநம்பிக்கை, குழந்தைத் திருமணம், சாதி என எல்லாவற்றையும் அதில் கேள்வி கேட்டார்கள். லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திக இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பும் இருந்தது.

பெரியார் 'குடி அரசு' இதழைத் தொடங்கியது 1925-ல். முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் 1928-ல் நடந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான திருமணங்கள் அப்படி நடந்தன. ஆனால் 1953-ல் ஒரு வழக்கில், இந்தத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையில் கைதட்டலோடு நடந்த கல்யாணங்கள் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை என்றானது. பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது.

அண்ணா முதல்வரான பிறகு, 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் '7ஏ' என்ற பிரிவைச் சேர்த்து அதைச் சரிசெய்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் இந்தச் சட்டம் செல்லுபடியாக்கியது. எங்கள் தாத்தா-பாட்டி கல்யாணம் அதற்கு அடுத்த வருஷம் நடந்தது.

"சட்டம் வந்துடுச்சுன்னு பேப்பர்ல படிச்ச பிறகுதான் உங்க பாட்டி வீட்ல ஒத்துக்கிட்டாங்க" என்று தாத்தா அடிக்கடி சொல்வார்.

கவனியுங்கள். அந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது 'இந்துத் திருமணச் சட்ட'த்தில். அதாவது, சடங்கே வேண்டாம் என்று மாலை மாற்றிக்கொண்ட தாத்தாவின் கல்யாணமும் சட்டப்படி இந்துத் திருமணம்தான்!

சட்டம் எப்படி மதம் கொடுக்கிறது?

இந்துத் திருமணச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதைப் படித்தபோது ஆச்சர்யமாக இருந்தது. இந்துக்கள், பௌத்தர்கள், ஜைனர்கள், சீக்கியர்கள் ஆகியோரோடு, 'முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்ற எவருக்கும்' அது பொருந்தும் என்கிறது சட்டம். இந்துக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்றால், சட்டம் 'பரவாயில்லை' என்று சொல்லி அவரை அதே இடத்தில்தான் வைத்திருக்கும். சொத்துரிமைக்கான இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே கதைதான்.

முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கை இழந்தவருக்கு வேறுவிதச் சிக்கல். தனக்கு ஷரியத் சட்டம் வேண்டாம், பொதுவான இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024-ல் நீதிமன்றம் அந்த மனுவில் நோட்டீஸ் அனுப்பியது. ஷரியத் முறையில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. உயில் எழுதினாலும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரைதான் எழுத முடியும். நம்பிக்கை இல்லாதவருக்கும் அதுதான் சட்டமா என்பதே கேள்வி.

மதமே குறுக்கே வராமல் கல்யாணம் செய்ய 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால், 30 நாள்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்பவர்களுக்கு அந்த 30 நாள்கள் என்பது எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை.

அதேசமயம், நம் அரசியலமைப்புச் சட்டம் நம்பிக்கை இல்லாதவர்களை மறந்துவிடவும் இல்லை. அமைச்சராகப் பதவியேற்பவர் 'கடவுள் மீது ஆணையிட்டு' என்றும் சொல்லலாம், 'உளமார உறுதி கூறுகிறேன்' என்றும் சொல்லலாம். தமிழ்நாட்டில் இரண்டாவதைச் சொல்லிப் பதவியேற்ற முதல்வர்களைப் பார்த்திருக்கிறோம். கோட்டையில் இருக்கும் அந்த வாய்ப்புதான், அக்காவின் லேப்டாப் திரையில் இல்லை.

திருப்பத்தூரில் கிடைத்த சான்றிதழ்

உண்மையில், தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் சாதி, மதத்தைக் குறிப்பிடாமல் விடலாம், அல்லது 'இல்லை' என்று எழுதலாம். 1973-லும் 2000-த்திலும் இதற்கான அரசாணைகள் வந்திருக்கின்றன. இது பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஆன்லைன் படிவங்களை வடிவமைப்பவர்களிலும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சினேகா, பள்ளிச் சான்றிதழ்களில் சாதி, மதம் குறிப்பிடாமலே வளர்ந்தவர். 'சாதி, மதம் அற்றவர்' என்று அரசே சான்றிதழ் தர வேண்டும் எனக் கேட்டு 2010-ல் விண்ணப்பிக்கத் தொடங்கினார். ஒன்பது ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 5-ம் தேதி வட்டாட்சியரிடமிருந்து அது அவருக்குக் கிடைத்தது. நாடே திரும்பிப் பார்த்தது.

அதைப் பார்த்துப் பலரும் விண்ணப்பித்தார்கள். 'எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை' என்று அதிகாரிகள் மறுக்க, வழக்குகள் வந்தன. கடைசியில் 2025 ஜூனில், இத்தகைய சான்றிதழை வருவாய்த்துறை அதிகாரிகள் வழங்க வழிசெய்யும் அரசாணையைப் பிறப்பிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது.

மற்ற மாநிலங்களிலும் இப்படித் தீர்ப்புகள் உண்டு. ஒருவரின் மதத்தை வெளிப்படுத்தச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியாது, 'மதம் இல்லை' என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-ல் சொன்னது. மதம் சாராதவர்கள் என்பதற்காகவே பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவிகித இட ஒதுக்கீட்டை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது.

"நீ விட்டா கைதட்டுவாங்க, நான் விட்டா?"

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், அலுவலகத் தோழி ஒருத்தியிடம் 'எல்லோரும் இப்படிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் என்ன?' என்று கேட்டேன். அவள் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவள். அவளுக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது.

"உனக்கு அது வெறும் காகிதம். நீ அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கைதட்டுவாங்க. நான் விட்டா, என் தம்பிக்கு ஸ்காலர்ஷிப் போயிடும். ஊர்ல எங்க தெருவை மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சிருப்பாங்க" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி என்ற அந்தஸ்து முதலில் இந்துக்களுக்குத்தான் இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்கிறது ஆணை. எந்த மதமும் இல்லை என்பவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த மௌனத்தை நம்பித் தன் பிள்ளையின் படிப்பை யார் பணயம் வைப்பார்கள்?

பிற்படுத்தப்பட்டோருக்கான சாதிச் சான்றிதழிலும் மதத்தின் பெயர் சாதியோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. மாமாவின் பயம் அதுதான். கடவுளை மறுத்த பெரியாரே, சாதிவாரி இட ஒதுக்கீட்டுக்காக 1950-ல் தெருவில் இறங்கிப் போராடியவர். நம்பிக்கை இல்லை என்பதற்காக, சாதியால் விளைந்த இழப்பைக் கணக்கிலிருந்து அழித்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, இங்கே மதமில்லாதவர்கள் குறைவாகத் தெரிவதற்கு நம்பிக்கை மட்டும் காரணமில்லை. கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள், வீட்டில் யார் பதில் சொல்கிறார்கள், அந்தப் பதிலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது.

11.50 மணி

சரி, அப்ளிகேஷன் என்ன ஆனது?

'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம். 'குறிப்பிடவும்' என்று இன்னொரு கட்டம் திறந்தது. அதில் 'மதம் இல்லை' என்று அக்கா டைப் செய்தாள். ஏற்றுக்கொண்டது. ஆனால் அவள் கை சமர்ப்பிக்கும் பட்டனுக்குப் போகவில்லை. மாமா எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 11.50-க்கு அக்கா அதை அழித்துவிட்டு, 'இந்து' என்று மாற்றி அனுப்பினாள்.

"தோத்துட்டேன்னு நினைக்காத. அவனுக்கு 18 வயசு ஆகட்டும். அவனே முடிவு பண்ணி மாத்திக்கட்டும். அதுக்குள்ள அந்த லிஸ்ட்ல ஒரு கட்டத்தைச் சேர்த்துவெச்சிருப்பாங்கன்னு நம்புறேன்" என்றாள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. இந்த முறை மதத்தோடு எல்லோருடைய சாதியையும் கேட்கப்போகிறார்கள். 1931-க்குப் பிறகு இது முதல்முறை. விவரங்களை ஆன்லைனில் நாமே பதிவுசெய்யும் வசதியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யார் பதில் சொல்லப்போகிறார்கள், மற்றவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லப்போகிறார்களா என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை அவங்க வர்ற அன்னிக்கு நான் வயலுக்குப் போறதா இல்லை" என்றார்.

உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுத்தார். "தாராளமா நீங்களே சொல்லுங்க. ஆனா எனக்கு மட்டும் இந்துன்னு போடச் சொல்லுங்க. மறந்துடாதீங்க."

"சரி, சரி" என்றார் தாத்தா.